சிறப்புத் தொழிற்கல்வியும் தேசாந்தரப் பரிமாற்றமும்

தச்சு வேலையோ கொத்து வேலையோ கற்றுத் தேர்ந்த ஜெர்மானிய இளைஞன் சொந்த ஊரைவிட்டுப் புறப்பட்டு, மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றி, அங்கங்கே உள்ள ஆசான்மாரிடம் வேலை செய்து, அவரவர் கைப்பாங்கை அறிந்துகொண்டு திரும்புவது, மத்திய காலத்திலிருந்து இன்றளவும் அற்றுப்போகாமல் வருகிற ஒரு சம்பிரதாயம். தொழிலைத் தன் ஊரில் மட்டும் கற்றவன் அதைப் பாதியே கற்றவன் என்னும் நம்பிக்கை அதற்கு ஆதாரம். தொழிற்கல்வி மாணவர்களைப் பிற நாடுகளுக்கு அனுப்பிவைக்க ஐரோப்பிய ஒன்றியம் இன்று செலவிடும் பெரும்பொருளுக்குப் பின்னாலும் அந்த நம்பிக்கையே நிற்கிறது. ஆனால் கண் தெரியாதவரும், காது கேளாதவரும், சக்கர நாற்காலியில் செல்பவரும், அறிவுசார் குறைபாடு உடையவரும் தொழில் கற்கத் தொடங்கிய காலத்தில், கற்பதற்கு ஓரிடம் கிடைத்ததே பெரும் பாக்கியமென்று கருதப்பட்டபடியால், அவர்களும் ஊர் தாண்டிப் போய்வர வேண்டியவர்களே என்ற யோசனை வெகுகாலம் யாருக்கும் எழவில்லை. அந்த யோசனை எழுந்த வகையும், திட்டமாக ஆனபின் அது அடைந்த கதியும், இனி அது செல்லத்தக்க வழியும் இக்கட்டுரையின் விஷயம்.

மாற்றுத்திறனாளிகளின் கல்வி அதன் ஆரம்பம் முதலே எல்லை கடந்து வளர்ந்த கல்வி என்பது ஒரு விசித்திரம். 1815-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து தாமஸ் காலடெட் என்பவர் செவித்திறனற்ற குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையைத் தேடி ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பாரிஸ் நகரத்துக் கல்விச்சாலையில் முதலில் மாணாக்கராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கிய லோரான் கிளேர் என்னும் செவித்திறனற்ற இளைஞரை அழைத்துக்கொண்டு மறுவருஷம் திரும்பினார். ஐம்பத்திரண்டு நாள் நீடித்த அந்தக் கடற்பிரயாணத்தில் காலடெட் கிளேருக்கு ஆங்கிலமும், கிளேர் காலடெட்டுக்குச் சைகை மொழியும் கற்பித்தனர் என்பது பிரசித்தமான செய்தி. 1817-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் இருவரும் தொடங்கிய பள்ளியிலிருந்தே அமெரிக்கச் சைகை மொழி கிளைத்தது. பார்வையற்றோர் பள்ளி ஒன்றை நிறுவ முனைந்த சாமுவேல் கிரிட்லி ஹோவும் 1831-இல் ஐரோப்பியப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கப் போனவர்; போலந்து நாட்டு அகதிகளுக்கு உதவியதற்காகப் பெர்லின் சிறையிலும் சில வாரங்கள் இருந்துவிட்டுத்தான் பாஸ்டன் திரும்பினார். பிரான்ஸிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய எட்வார்ட் செகேன் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென வகுத்த முறைகளை ரோமாபுரியில் படித்துப் பரீட்சித்து வளர்த்தவர் மரியா மாண்டிசோரி. அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்ததால் அந்த நெடும் பரம்பரையின் ஒரு நுனி நம் கரையையும் தொட்டது. இவற்றிலெல்லாம் பிரயாணம் செய்தது ஆசிரியரும் முறையும். கற்பவன் இருந்த இடத்திலேயே இருந்தான். கிளேர் ஒருவரே விலக்கு. தாமே செவித்திறனற்றவராக இருந்துகொண்டு, கற்றதைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் அவர். அவரைப் போன்ற ஒருவரை ஏற்றுக்கொண்ட அமெரிக்கப் பள்ளி அடைந்த லாபம், பத்துப் பிரபுக்கள் பார்வையிட்டுத் திரும்பியிருந்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

கற்பவனையே அனுப்பும் ஏற்பாடு ஐரோப்பாவில் படிப்படியாக வந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான எராஸ்மஸ் திட்டம் 1987-இல் தொடங்கிற்று. தொழிற்கல்விக்கென லியோனார்டோ டா வின்சி திட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகளின் நலனுக்கான ஹீலியோஸ் என்னும் தனித் திட்டம் 1996-இல் முடிவடைந்த அதே சமயத்தில், சிறப்புக் கல்வி பற்றி நாடுகளிடையே ஆராய்ந்து எடுத்துரைக்கும் ஐரோப்பிய ஸ்தாபனம் ஒன்று உருவாகி, டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்டது. 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு தொழிற்பயிற்சியைப் பாகுபாடின்றி வழங்கவும், 32-ஆம் பிரிவு சர்வதேச ஒத்துழைப்பைப் பேணவும் அரசுகளைக் கடமைப்படுத்தின. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியமே ஓர் அமைப்பு என்ற முறையில் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. 2014-இல் பழைய திட்டங்கள் யாவும் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே பெயரின்கீழ்ச் சேர்க்கப்பட்டன. 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுகளுக்கு அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 2,600 கோடி யூரோ.

இன்றைய விதிகளைப் படிப்பவர் குறைசொல்ல அதிகம் காணமாட்டார். தொழிற்கல்வி மாணவர் பத்து நாள் முதல் எண்பத்தொன்பது நாள் வரை குறுகிய காலத்துக்கும், தொண்ணூறு நாள் முதல் ஓராண்டு வரை நீண்ட காலத்துக்கும் அயல்நாட்டில் பயிற்சி பெறலாம். வாய்ப்புக் குறைந்தவராயின், தக்க காரணம் காட்டி, இரண்டே நாளுக்கும் செல்லலாம். கூடச் செல்லும் துணையாளின் செலவும், சைகை மொழிபெயர்ப்பாளரின் ஊதியமும், விசேஷ வாகனத்தின் வாடகையும் உண்மைச் செலவின்படி நூற்றுக்கு நூறாகத் தரப்படும். தங்கப்போகும் இடத்தையும் வேலைசெய்யப்போகும் பட்டறையையும் முன்கூட்டியே பார்த்துவர ஆயத்தப் பயணமும் உண்டு. அதில் மாணவரும் கலந்துகொள்ளலாம். ஆகவே பணம் இல்லாமையால் இந்தக் காரியம் நடக்கவில்லை என்று சொல்வது இப்போது பொருந்தாது.

அப்படியானால் தடை எங்கே? முதலாவதாக, கணக்கெழுதும் முறையிலேயே ஒரு திரை இருக்கிறது. 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 2025-க்குள் தொழிற்கல்வி மாணவர்களில் நூற்றுக்கு எட்டுப்பேர் அயல்நாட்டு அனுபவம் பெறவேண்டும் என்று ஐரோப்பிய அரசுகள் இலக்கு வைத்தன. 2024 மே மாதத்தில் அந்த இலக்கை 2030-க்குள் நூற்றுக்குப் பன்னிரண்டாக உயர்த்தின. அத்துடன், அயல்நாடு செல்லும் கற்போர் அனைவரிலும் நூற்றுக்கு இருபதுபேர் 2027-க்குள் வாய்ப்புக் குறைந்தவர்களாக இருக்கவேண்டும் என்றும் தீர்மானித்தன. கேட்பதற்கு இது மிக உதாரமான தீர்மானம். ஆயினும், வாய்ப்புக் குறைந்தவர் என்ற அந்தத் தொகுதியில் வறியவர், புலம்பெயர்ந்தோர், தொலைதூரத் தீவுகளில் வசிப்போர், படிப்பில் பின்தங்கியவர், மாற்றுத்திறனாளி எல்லோரும் ஒன்றாக அடங்குகின்றனர். ஒரு கல்லூரி தன் ஊர் ஏழை மாணவர்களை மட்டும் அனுப்பி, மாற்றுத்திறனாளி ஒருவரையும் அனுப்பாமலே, அந்த இருபதையும் எட்டிவிடலாம். எட்டியதற்காகப் பாராட்டும் பெறலாம். அனுப்பும் நிர்வாகியைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டு விண்ணப்பங்களில் ஒன்று விமானச் சீட்டோடு முடிவதாகவும், மற்றொன்று துணையாள், மருந்து, பெற்றோரின் சம்மதம், காப்பீடு, விசேஷக் குளியலறை என்று முப்பது கடிதங்களைக் கேட்பதாகவும் இருந்து, கணக்கில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகுமானால், அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய மனோதத்துவம் வேண்டியதில்லை. இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், மாற்றுத்திறனாளிகளுக்குள்ளேயே, இலேசான கற்றல் குறைபாடு உள்ளவர் முதலில் தெரிந்தெடுக்கப்படுவார். அறிவுசார் குறைபாடு உடையவரும், பல குறைபாடுகள் ஒருங்கே உடையவரும் கடைசியில் நிற்பர். பரிமாற்றத்தை விரிவாக்குவது பற்றிப் பேசுவோர் இந்தக் கடைசி வரிசையைப் பற்றிப் பேசாவிட்டால் அந்தப் பேச்சில் சாரமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது தடை, கல்வி அமைப்புகளின் வேற்றுமையிலிருந்து பிறப்பது. ஜெர்மனியில் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கென்றே ஏறக்குறைய ஐம்பது தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. ஸ்டுட்கார்ட்டில் பார்வையற்றோருக்கும், லைப்ஸிக்கில் செவித்திறன் குறைந்தோருக்கும் என்று சில நிலையங்கள் பிரத்தியேகமானவை. பட்டறை, விடுதி, மருத்துவர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் அனைவரும் ஒரே வளாகத்தில் இருப்பது இவற்றின் பெருமை. அதுவே பரிமாற்றத்துக்கு இடையூறு. இத்தனை உதவிகளாலும் சூழப்பட்டுத் தச்சு வேலையையோ சமையலையோ செம்மையாகச் செய்யும் இளைஞன், அவ்வுதவிகளை விட்டு நானூறு மைல் அப்பால் போனால் என்ன ஆவான் என்பது அவனுக்கும் தெரியாது, நிலையத்துக்கும் தெரியாது. இத்தாலியிலோ 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சிறப்பு வகுப்புகளை ஒழித்து, எல்லாக் குழந்தைகளையும் பொதுப்பள்ளியில் அமர்த்திவிட்டது. குறைபாடுடைய மாணவருக்குத் துணை ஆசிரியர் ஒருவர் அங்கேயே வந்து உதவுவார். கொள்கை அளவில் இத்தாலியின் ஏற்பாடே உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஜெர்மானிய நிலையம் இத்தாலியில் தனக்கு இணையான நிலையத்தைத் தேடினால் கிடைக்காது. இணையான மாணவர் நூறு பொதுப்பள்ளிகளில் ஒவ்வொருவராகச் சிதறியிருப்பார். அவருடைய பள்ளிக்கு இத்தகைய பரிமாற்றத்தை நடத்தத் தனி அலுவலரும் இருக்கமாட்டார். 2018 முதல் ஒவ்வொரு தொழிற்கல்வி மாணவருக்கும் தனித்தனிப் பயிற்சித் திட்டம் எழுதியாகவேண்டும் என்று விதித்திருக்கும் பின்லாந்தில் நிலைமை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. சாதாரண மாணவருக்கும் திட்டம், விசேஷ மாணவருக்கும் திட்டம் என்று ஆகிவிட்டபின், அயல்நாட்டுப் பயிற்சியை அதில் ஒரு பகுதியாகச் சேர்ப்பது நிர்வாக ரீதியில் எளிது.

சான்றிதழின் பிரச்சினை இதைவிட நுட்பமானது. ஜெர்மானியத் தொழிற்பயிற்சிச் சட்டம் பயிற்சிக் காலத்தில் நாலில் ஒரு பங்கு வரை அயல்நாட்டில் கழிக்க 2005 முதல் இடந்தருகிறது. அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு, குறைபாட்டின் காரணமாக முழுப் பாடத்தையும் கற்க இயலாதவர்களுக்குக் கோட்பாட்டுப் பகுதியைக் குறைத்துச் செய்முறையை முதன்மைப்படுத்தும் தனித் தகுதிகளை வகுக்க வழிசெய்கிறது. உள்ளூரில் முதலாளிகள் இந்தத் தகுதியை அறிவார்கள். எல்லைக்கு அப்பால் அதற்கு நிகரான தகுதி பெரும்பாலும் இல்லை. 2008-இல் வகுக்கப்பட்ட எட்டுப்படி ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்குமென்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. ஆனால் படிக்கட்டின் அடிப்படியிலோ, சில சமயம் அதற்கும் கீழேயோ நிற்பவருக்குத் தம் படியின் இலக்கத்தைச் சொல்வதால் என்ன பிரயோஜனம்? அயல்நாட்டில் அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக, எளிய நடையில், முடிந்தால் படத்துடன் எழுதிக் கொடுப்பதே பயன்படும். மூன்று வாரம் ஓட்டல் சமையலறையில் காய்கறி நறுக்கினார், பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் தனியாக இயக்கினார், நேரந்தவறாமல் வந்தார் என்ற மூன்று வாக்கியங்கள் ஊர் திரும்பியபின் ஒரு முதலாளியின் மனத்தைத் திருப்பும் அளவுக்கு இரண்டாம்படி, மூன்றாம்படி என்ற முத்திரை திருப்பாது. யூரோபாஸ் என்னும் ஐரோப்பியத் தகுதிக் கோப்பில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. இருக்கிற படிவத்தைச் செவ்வையாக நிரப்பினால் போதும்.

உதவித்தொகையும் பராமரிப்பும் எல்லையில் நின்றுவிடுவது வேறொரு தொல்லை. ஐரோப்பியச் சுகாதாரக் காப்பீட்டு அட்டை அவசிய மருத்துவத்துக்கு உதவும். தினமும் காலையில் உடுத்திவிடவும் கழுவிவிடவும் வரும் உதவியாளை அது அனுப்பாது. மாற்றுத்திறனாளி என்ற தகுதி ஒரு நாட்டில் பெற்றது மற்றொரு நாட்டில் செல்லாது என்ற நிலையும் இருந்துவந்தது. பெல்ஜியம், பின்லாந்து, இத்தாலி, ஸ்லோவேனியா உள்ளிட்ட எட்டு நாடுகள் பரீட்சார்த்தமாக வழங்கிய பொது அட்டையைத் தொடர்ந்து, 2024-இல் எல்லா உறுப்பு நாடுகளுக்குமான சட்டம் நிறைவேறிற்று. 2028-இல் அது நடைமுறைக்கு வரும். பேருந்துச் சலுகை, அருங்காட்சியகக் கட்டணம், வாகன நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு அது பயன்படும். சமூகப் பாதுகாப்பு உதவிகளை அது தொடாது. ஆறு வார அயல்நாட்டுப் பயிற்சிக்குப் புறப்படும் இளைஞனின் தாயார் கேட்கும் முதற்கேள்வி அருங்காட்சியகக் கட்டணத்தைப் பற்றியதாக இராது. இவன் போனால் இங்கே வரும் உதவி நின்றுவிடுமா, திரும்பி வந்தால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா என்றே கேட்பார். அந்தக் கேள்விக்கு எழுத்து மூலமாகப் பதில் தரக்கூடிய அலுவலகம் இருக்கிற ஊரில் பரிமாற்றம் நடக்கிறது. இல்லாத ஊரில் தாயாரின் தயக்கமே முடிவாகிவிடுகிறது.

தடைகளைச் சொன்னபின், நன்றாக நடந்தவற்றையும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் ஐரோப்பியச் சமூக நிதியைக் கொண்டு 2008 முதல் சில ஆண்டுகள் நடந்த 'இடா' என்னும் திட்டம், வேலையும் பயிற்சியும் கிட்டாத இளைஞரை, அவர்களுள் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து, அயல்நாட்டுப் பட்டறைகளுக்கு அனுப்பியது. அந்த அனுபவத்தைப் பின்பற்றி ஐரோப்பிய ஆணையம் இப்போது நடத்தும் அல்மா திட்டம் பதினெட்டு முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளவர்களை இரண்டு முதல் ஆறு மாதம் வரை வெளிநாட்டில் தங்கவைக்கிறது. புறப்படுவதற்கு முன் உள்ளூரில் தீவிரமான ஆயத்தம், அங்கே இருக்கும்போது ஓயாத மேற்பார்வை, திரும்பியபின் வேலையிலோ படிப்பிலோ சேரும்வரை கைவிடாத துணை என்ற மூன்று கட்டங்களை இது கட்டாயமாக்கியிருக்கிறது. என் மதிப்பீட்டில் இவற்றுள் நடுக்கட்டமே முக்கியத்தில் குறைந்தது. அயல்நாட்டில் கழியும் வாரங்களில் நல்லதோ கெட்டதோ பெரும்பகுதி முன் ஆயத்தத்தால் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அங்கே பெற்ற பயன் நிலைக்குமா என்பதைப் பின் துணை தீர்மானிக்கிறது. சாதாரணத் திட்டங்களிலோ பயண நாட்களுக்கே பணம் அளந்து கொடுக்கிறார்கள்.

இதன் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஆசியாவிலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். ஜப்பானில் டஸ்கின் நிறுவனத்தின் அறக்கட்டளை, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டாகிய 1981 முதல், உடற்குறையுள்ள ஜப்பானிய இளைஞர்களை அயல்நாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாயிற்று. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மாற்றுத்திறனாளிகள் தாமே 1972-இல் நிறுவி நடத்திய சுதந்திர வாழ்வு மையத்தின் முறைகளை அமெரிக்காவில் கற்றுத் திரும்பியவர்களின் முயற்சியால், 1986-இல் டோக்கியோவை அடுத்த ஹச்சியோஜியில் ஜப்பானின் முன்னோடி மையம் தோன்றியது. பின்னர் அந்நாடு முழுவதும் அத்தகைய மையங்கள் பரவின. 1999 முதல் அதே அறக்கட்டளை திசையை மாற்றி, ஆசிய பசிபிக் நாடுகளின் மாற்றுத்திறனாளி இளைஞர்களை ஜப்பானுக்கு வரவழைத்து ஏறத்தாழப் பத்து மாதம் தங்கவைத்துப் பயிற்றுவிக்கிறது. முதலில் ஜப்பானிய மொழி, செவித்திறனற்றவருக்கு ஜப்பானியச் சைகை மொழி. அதன்பின் ஜப்பானியக் குடும்பத்தில் தங்கல். அதன்பின் அவரவர் துறைக்கேற்ற பயிற்சி. எண்ணிக்கையில் இது மிகச் சிறிய முயற்சி. ஆயினும் இரண்டு வாரச் சுற்றுலாவாக ஆயிரம்பேரை அனுப்புவதைவிட, ஊர் திரும்பி ஒரு ஸ்தாபனத்தை நடத்தவல்ல பத்துப்பேரை உருவாக்குவது மேல் என்று கருதுவோருக்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டாம்.

செவித்திறனற்றோர் விஷயத்தில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2001-இல் நிப்பான் அறக்கட்டளையின் பொருளுதவியுடன் ஒரு சர்வதேச வலையமைப்பை உருவாக்கி, ஜப்பானின் சுகுபா, சீனாவின் தியான்ஜின், ரஷ்யாவின் மாஸ்கோ, பிலிப்பைன்ஸின் மணிலா முதலிய இடங்களின் உயர்கல்வி நிலையங்களைச் சேர்த்துக்கொண்டது. அதன் கவனம் பெரும்பாலும் ஆசிரியர்களின் பயிற்சியில் இருந்தது. ஒரு நாட்டின் சைகை மொழி மறுநாட்டில் செல்லுபடியாகாது என்பதால் அதுவே விவேகமான தொடக்கம்.

அபிலிம்பிக்ஸ் என்னும் சர்வதேசத் தொழில்திறன் போட்டியையும் இங்கே குறிப்பிடவேண்டும். 1981-இல் டோக்கியோவில் தொடங்கிய இது 2003-இல் புது டெல்லியிலும், 2023-இல் பிரான்ஸின் மெட்ஸ் நகரிலும் நடந்தது. தையல், மரவேலை, கேக் அலங்காரம், கணினி வேலை என்று பலதுறைகளில் மாற்றுத்திறனாளிகள் போட்டியிடுவதைக் காணும் முதலாளிகளின் மனத்தில் ஏற்படும் மாறுதல் அற்பமன்று. ஆனால் போட்டி தேர்ந்தவர்களுக்குரியது. தேராதவர்களின் கல்வியை அது தானாக உயர்த்தாது. பதக்கம் பெற்றவர் அடுத்த நாள் எந்தப் பட்டறையில் வேலை செய்கிறார் என்பதும் அரங்கில் தெரியாது.

பயிற்றுநரின் பரிமாற்றத்துக்கு இதுவரை தகுந்த கௌரவம் கிடைக்கவில்லை என்பேன். இத்தாலியின் ஆஸ்தி நகரில் டௌன் நோய்க்குறி உள்ள இளைஞர்கள் விருந்தினரை வரவேற்பது முதல் பரிமாறுவது வரை பழகி வேலைக்குச் செல்லும் ஒரு ஓட்டல் இருக்கிறது. அந்த ஏற்பாடு ஆஸ்திரேலியாவின் நீல மலைப் பகுதியில் மற்றோர் ஓட்டலாக மறுபடி உருவெடுத்தது. ஒரு வேலையை எத்தனை சிறு செயல்களாகப் பிரிக்கவேண்டும், எந்த இடத்தில் உதவியைக் குறைக்கவேண்டும் என்பது புத்தகத்திலிருந்து வருவதன்று. பழகியவரின் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கே அது பிடிபடும். அப்படிப் பார்த்துவந்த ஒரு பயிற்றுநர் தம் வாழ்நாளில் பயிற்றுவிக்கப்போகும் மாணவர் எத்தனைபேர் என்று எண்ணினால், அவருடைய பயணச் செலவு மிகச் சிக்கனமான முதலீடு. இணையம் வழியான பரிமாற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொரோனா தொற்றுக் காலத்தில் அது பெருகிற்று. போகுமுன் முகம்பார்த்துப் பழக அது மிக நன்று, போவதற்குப் பதிலாக அது போதாது.

ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில், 2028 முதல் 2034 வரையிலான அடுத்த எராஸ்மஸ் பிளஸ் திட்டத்துக்கு ஏறத்தாழ 4,080 கோடி யூரோ ஒதுக்கலாம் என்று முன்மொழிந்திருக்கிறது. தொகையை மேலும் உயர்த்தச் சொல்லி வாதாடுவோர் பலர் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பதைவிட, மூன்று சிறு திருத்தங்களைக் கேட்பது இத்துறையினருக்கு உசிதம். அறிவுசார் குறைபாடு உடையவர்களின் எண்ணிக்கையை வாய்ப்புக் குறைந்தோர் தொகுதியிலிருந்து பிரித்து ஆண்டுதோறும் தனியாக வெளியிடவேண்டும். ஆயத்தத்துக்கும் திரும்பியபின் துணைக்கும் ஆகும் மாதங்களைப் பயண நாட்களைப் போலவே நிதிக்குரியவையாகக் கணக்கிடவேண்டும். ஒவ்வொரு நாட்டிலும், பெற்றோரின் கேள்விக்குக் கையெழுத்திட்டுப் பதில் தரும் பொறுப்பை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைக்கவேண்டும். இம்மூன்றுக்கும் புதுப்பணம் அதிகம் தேவையில்லை. விதிப்புத்தகம் அச்சேறுவதற்கு முன் இவற்றை அதில் எழுதச் செய்யவேண்டியது இத்துறையில் உழைக்கும் பள்ளிகள், பெற்றோர் சங்கங்கள் ஆகியவற்றின் பொறுப்பு.